ஆள் நின்றால் கூலி ஏறுமா? ஒரு வளைகோடு சொல்லும் விடை

1964ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அமெரிக்காவில் ஒரு திட்டம் முடிவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வயல் வேலைக்கு ஆள் போதவில்லை என்று 1942இல் மெக்சிகோவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொடங்கிய திட்டம் அது. 'பிரசேரோ' திட்டம் என்று அழைத்தார்கள். மெக்சிகோவின் கிராமங்களிலிருந்து ஆண்கள் சில மாத ஒப்பந்தத்தில் எல்லை தாண்டி வருவார்கள். தக்காளி பறிப்பார்கள், பருத்தி எடுப்பார்கள், பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். 1950களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு நான்கு லட்சம் பேருக்கு மேல் இப்படி வந்து போனார்கள்.

குறைந்த கூலிக்கு வெளியாள் கிடைக்கும்வரை உள்நாட்டுப் பண்ணைத் தொழிலாளியின் கூலி உயராது என்று தொழிற்சங்கங்கள் வாதாடின. கென்னடி அரசும் அந்த வாதத்தை ஏற்றது. ஆள் வரத்து நின்றால் பண்ணைக்காரர்கள் கூலியை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்பது கணக்கு. வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது சந்தையின் முதல் பாடம் அல்லவா?

அந்தக் கணக்கு பலிக்கவில்லை. மைக்கேல் கிளெமன்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் என்ற மூன்று ஆய்வாளர்கள் பழைய அரசுப் பதிவுகளைத் திரட்டி 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மெக்சிகோ ஆட்களை அதிகம் நம்பியிருந்த மாநிலங்களையும் அவர்களே இல்லாதிருந்த மாநிலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திட்டம் முடிந்த பிறகு முதல் வகை மாநிலங்களில் கூலி வேகமாக ஏறியதற்கு அடையாளம் எதுவும் தென்படவில்லை. சில லட்சம் பேர் வேலைச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டும், எஞ்சியிருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இது ஏன் என்று விளங்கிக்கொள்ளப் பொருளியல் பாடநூலில் உள்ள ஒரு வளைகோடு உதவும். சம உற்பத்திக் கோடு என்று அதற்குப் பெயர். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற கோடு அது. ஆனால் ஓர் ஆள் பறித்த இடத்தில் இயந்திரம் வந்து நிற்குமா, வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கான விடை அந்தக் கோட்டின் வளைவில்தான் இருக்கிறது.

ஒரே விளைச்சல், பல வழிகள்

நிலப்படத்தில் சம உயரக் கோடுகள் பார்த்திருப்போம். மலையில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு கோடு இணைக்கும். சம உற்பத்திக் கோடும் அப்படித்தான். கிடை அச்சில் இயந்திரம், செங்குத்து அச்சில் ஆட்கள். ஒரே அளவு விளைச்சலைத் தரக்கூடிய ஆள்-இயந்திரச் சேர்க்கைகள் எல்லாவற்றையும் இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். அதிக விளைச்சலுக்கான கோடு இன்னும் வெளியே, மேலே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் நாளொன்றுக்கு நூறு பெட்டி காய் இறக்க வேண்டும். ஓர் இயந்திரம் இருந்தால் 24 ஆட்கள் தேவை. இரண்டு இயந்திரம் இருந்தால் 12 ஆட்கள் போதும். மூன்று இருந்தால் 8, நான்கு இருந்தால் 6. நான்கு வழியிலும் கிடைப்பது அதே நூறு பெட்டிதான்.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டாவது இயந்திரம் 12 ஆட்களின் வேலையைத் தாங்கிக்கொண்டது. மூன்றாவது தாங்கியது 4 பேரின் வேலையை மட்டும். நான்காவது வெறும் 2 பேருடையதை. இயந்திரம் கூடக்கூட அது விடுவிக்கும் ஆட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. கனமான, ஒரே மாதிரியான வேலையை முதலில் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறோம். கடைசியில் எஞ்சுவது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை, அதை இயந்திரத்துக்குக் கொடுப்பது கடினம். அதனால்தான் கோடு நேராக இறங்காமல் உட்புறமாக வளைகிறது. ஓர் இயந்திரத்தைச் சேர்த்தால் எத்தனை ஆட்களைக் குறைக்கலாம் என்ற அந்த விகிதத்தைப் பொருளியலார் இறுதிநிலைப் பதிலீட்டு வீதம் என்கிறார்கள்.

இந்த நான்கு வழிகளில் எது நல்லது? அதைக் கோடு மட்டும் சொல்லாது, விலையும் வேண்டும். ஓர் ஆளின் நாள்கூலி 500 ரூபாய், ஓர் இயந்திரத்தின் நாள் செலவு 1,500 ரூபாய் என்றால் நான்கு வழிகளுக்கும் ஆகும் மொத்தச் செலவு முறையே 13,500, 9,000, 8,500, 9,000 ரூபாய். மூன்று இயந்திரமும் எட்டு ஆட்களும்தான் மலிவு. கூலி 1,000 ரூபாயாக உயர்ந்தால்? செலவு 25,500, 15,000, 12,500, 12,000 என்று மாறும். இப்போது நான்கு இயந்திரமும் ஆறு ஆட்களும் மலிவாகிவிடுகின்றன. தோட்டக்காரர் கோட்டின் மேலேயே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறார். விளைச்சல் மாறவில்லை, புதிதாக எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. விலை மாறியது, சேர்க்கை மாறியது. இதுதான் காரணிப் பதிலீடு.

இப்போது தொழிலாளர்கள் பக்கமிருந்து பாருங்கள். கூலி இரண்டு மடங்கானது. எட்டு பேரில் இரண்டு பேருக்கு வேலை போனது. ஆனால் ஆட்களுக்கென்று போகும் மொத்தத் தொகை 4,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இந்தக் கோட்டின் வளைவு தொழிலாளர்களுக்கு ஓரளவு இரக்கம் காட்டுகிறது. எல்லாக் கோடுகளும் அப்படி இருப்பதில்லை.

வளைவை அளந்தவர்கள்

இப்படியொரு கோடு பாடநூலுக்கு வெளியே உண்மையில் இருக்கிறதா என்ற ஐயம் வரலாம். 1950களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேளாண் பொருளியலாளர் ஏர்ல் ஹெடியும் அவருடைய கூட்டாளிகளும் பன்றிப் பண்ணைகளில் இதை அளந்தார்கள். பன்றியை ஒரு குறிப்பிட்ட எடைக்கு வளர்க்கச் சோளமும் சோயாப் புண்ணாக்கும் வெவ்வேறு விகிதத்தில் கொடுத்தார்கள். தீனியில் புரதம் குறைவாக இருக்கும்போது சிறிதளவு புண்ணாக்கு நிறையச் சோளத்தை மிச்சப்படுத்தியது. புரதம் போதுமான அளவை நெருங்க நெருங்க, அதே புண்ணாக்கு மிச்சப்படுத்தும் சோளம் குறைந்துகொண்டே போனது. பாடநூலில் வரைந்த வளைவு, தீவனத் தொட்டியில் அளந்தபோது அதே வடிவில் கிடைத்தது. புண்ணாக்கு விலையும் சோள விலையும் மாறும்போது தீனிக் கலவையை எப்படி மாற்றலாம் என்று விவசாயிக்குச் சொல்லவும் முடிந்தது.

ஒரு நாட்டின் தொழில்துறை முழுவதற்கும் இப்படி ஒரு வாய்பாடு எழுத முயன்றவர்கள் பொருளியல் அறிஞர் பால் டக்ளஸும் கணித அறிஞர் சார்லஸ் காப்பும். 1899 முதல் 1922 வரையிலான அமெரிக்கத் தொழிற்சாலைப் புள்ளிவிவரங்களை வைத்து 1928இல் அவர்கள் எழுதிய உற்பத்திச் சார்பில் உழைப்பின் பங்கு ஏறக்குறைய நான்கில் மூன்று, மூலதனத்தின் பங்கு நான்கில் ஒன்று. நாம் மேலே பார்த்த எடுத்துக்காட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வளைவின் இளக்கத்தை அளக்க ஓர் எண் வேண்டும் என்று உணர்ந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஹிக்ஸ். 1932இல் கூலியைப் பற்றி எழுதிய நூலில் பதிலீட்டு நெகிழ்ச்சி என்ற கருத்தை அவர் முன்வைத்தார். இயந்திரத்தோடு ஒப்பிடக் கூலி நூற்றில் ஒரு பங்கு ஏறினால், ஆளுக்கு இத்தனை இயந்திரம் என்ற விகிதம் நூற்றில் எத்தனை பங்கு ஏறுகிறது என்பதுதான் அந்த எண். அது ஒன்றுக்குக் குறைவாக இருந்தால், கூலி ஏறும்போது மொத்த வருமானத்தில் உழைப்பின் பங்கு கூடும். ஒன்றுக்கு மேல் போனால், கூலி ஏற்றம் உழைப்பின் பங்கையே குறைத்துவிடும். சரியாக ஒன்று என்றால் பங்கு மாறாது. காப்-டக்ளஸ் வாய்பாட்டில் இந்த எண் எப்போதும் ஒன்றுதான்.

எல்லாத் தொழிலுக்கும் இது எப்படி ஒன்றாகவே இருக்க முடியும் என்று கேட்டு, 1961இல் நான்கு பேர் சேர்ந்து பொதுவான ஒரு வாய்பாட்டைக் கொடுத்தார்கள். கென்னத் ஆரோ, ஹோலிஸ் செனரி, ராபர்ட் சோலோ ஆகியோரோடு நான்காவது பெயர் இந்தியரான பகீச்சா சிங் மின்ஹாஸ். பல நாடுகளின் தொழில்களை ஒப்பிட்ட அவர்கள், பெரும்பாலான தொழில்களில் இந்த நெகிழ்ச்சி சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே இருப்பதைக் கண்டார்கள். தொழிலுக்குத் தொழில் வளைவு வேறுபடுகிறது என்பது அங்கே எண்ணிக்கையில் உறுதியானது.

இரண்டு எல்லைகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, 'ட' எழுத்தைப் போல மடங்கிய கோடு. ஓர் ஆளுக்கு ஒரு கருவி, அதற்கு மேல் கருவியைக் குவித்தாலும் பயன் இல்லை. அங்கே நெகிழ்ச்சி சுழியம். இன்னொன்று, நேர்கோடு. ஆளும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று முழு மாற்று. விலை சற்றே சாய்ந்தாலும் தோட்டம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

தக்காளி ஒரு பக்கம், ஸ்ட்ராபெரி ஒரு பக்கம்

இனி கலிஃபோர்னியாவுக்குத் திரும்புவோம். சாஸுக்கும் கூழுக்கும் போகும் தக்காளியைக் கையால் பறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் அதை இயந்திரத்தால் அறுவடை செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பயிர் அறிஞர் ஜாக் ஹன்னா, இன்னொருவர் வேளாண் பொறியாளர் கோபி லோரன்ஸன்.

செடியை அடியோடு அறுத்து, மேலே தூக்கி, உலுக்கிப் பழத்தை உதிர்க்கும் இயந்திரத்தை லோரன்ஸன் வடிவமைத்தார். ஆனால் அன்றைய தக்காளி அந்த உலுக்கலைத் தாங்காது. அதோடு ஒரே செடியில் பூவும் பிஞ்சும் காயும் பழமும் சேர்ந்தே இருக்கும். செடியை ஒருமுறை அறுத்துவிட்டால் மறு பறிப்பு கிடையாது. எனவே தக்காளியையே மாற்ற வேண்டியிருந்தது. தோல் கெட்டியாக, பழம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுத்து, காம்பிலிருந்து எளிதில் கழன்று விழும் ரகங்களை ஹன்னா உருவாக்கினார். விஎஃப்-145 என்ற ரகம் அவற்றில் புகழ்பெற்றது. 1960களின் தொடக்கத்தில் ரியோ விஸ்டா என்ற ஊரிலிருந்த பிளாக்வெல்டர் நிறுவனம் இயந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கியது.

இங்கேதான் வளைகோட்டின் பாடம் அப்பட்டமாகத் தெரிகிறது. இயந்திரம் வந்துவிட்டது, அதற்கேற்ற ரகமும் வந்துவிட்டது. ஆனால் பண்ணைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். மெக்சிகோ ஆட்கள் மலிவாகக் கிடைத்தவரை கோட்டின் மறுமுனைக்குப் போக வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. 1964 வரை இயந்திரம் அறுத்த தக்காளி மிகச் சிறு பங்குதான். திட்டம் நின்றது. 1968இல் கலிஃபோர்னியாவின் பதப்படுத்தும் தக்காளியில் நூற்றில் சுமார் 95 பங்கு இயந்திர அறுவடை. நான்கே ஆண்டுகளில் ஒரு பயிர் முழுவதும் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவிவிட்டது. கூலி ஏற வேண்டிய இடத்தில் இயந்திரம் வந்து நின்றுகொண்டது.

ஸ்ட்ராபெரியின் கதை வேறு. அந்தப் பழம் மாதக்கணக்கில் தொடர்ந்து பழுக்கும், அழுத்திப் பிடித்தாலே நசுங்கும். எது பழுத்தது என்று கண் பார்த்து, விரல் நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும். நம்மூர்த் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவான அஸ்பாரகஸில், ஒரே கிழங்கிலிருந்து குருத்துகள் வெவ்வேறு நாளில் மண்ணைப் பிளந்து வரும். பருவம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்து அறுக்க வேண்டும். லெட்டூஸ் கீரையிலும் எல்லாத் தலைகளும் ஒரே நாளில் முற்றுவதில்லை. இந்தப் பயிர்களில் ஆளுக்கு மாற்றே இல்லை, கோடு 'ட' போல மடங்கி நின்றது. அப்படியானால் இங்கேயாவது கூலி ஏறியிருக்க வேண்டாமா? இங்கே பண்ணைக்காரர்கள் வேறொன்று செய்தார்கள். சாகுபடியைக் குறைத்தார்கள். ஒரே கோட்டின் மேல் நகர வழி இல்லாதபோது, உள்ளே இருக்கும் சிறிய கோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். குறைந்த விளைச்சல், குறைந்த ஆள் தேவை. ஆள் வரத்து சுருங்கியது, தேவையும் சேர்ந்து சுருங்கியது.

தொழிலாளியின் கூலியைத் தீர்மானிப்பது ஆட்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல. பயிரின் பூவும் காம்பும் தோலும், அவை பழுக்கும் முறையும், பண்ணைக்காரருக்கு இருக்கும் மாற்று வழிகளும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. கூலியை உயர்த்தும் நல்ல நோக்கத்தோடு ஒரு சட்டத்தை மாற்றியவர்கள், கூலிக்கு மறுபக்கம் இருந்த அந்த வளைகோட்டைக் கணக்கில் எடுக்கவில்லை.

கோட்டை வரைவது யார்?

பாடநூல்கள் சம உற்பத்திக் கோட்டை இயற்கை கொடுத்த ஒன்றைப் போல வரைகின்றன. தக்காளியின் கதை அப்படிச் சொல்லவில்லை. ஹன்னாவும் லோரன்ஸனும் உழைக்காமல் இருந்திருந்தால் தக்காளியின் கோடும் ஸ்ட்ராபெரியின் கோட்டைப் போலவே மடங்கி இருந்திருக்கும். பல ஆண்டுப் பொது ஆராய்ச்சிதான் அந்த மடிப்பை நிமிர்த்தியது. ஹிக்ஸ் இதையும் 1932லேயே சொல்லியிருக்கிறார். எந்தக் காரணி விலை ஏறுகிறதோ, அதை மிச்சப்படுத்தும் திசையில்தான் கண்டுபிடிப்பு நகரும் என்பது அவர் கருத்து.

கோடு நிமிர்ந்ததில் யாருக்கு லாபம்? தக்காளித் தொழில் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது, விளைச்சல் பெருகியது. இயந்திரத்தின் மேல் நின்று பழத்தைத் தரம் பிரிக்கும் புதிய வேலை உருவானது, அதில் பெரும்பாலும் பெண்கள் சேர்ந்தார்கள். ஆனால் ஓர் இயந்திரத்தின் விலை 50,000 டாலருக்கு மேல். கணக்குப் புத்தகத்தில் கோடு வழவழப்பாக வளையலாம், இயந்திரத்தைப் பாதியாக வெட்டி வாங்க முடியாது. பெரிய பண்ணைக்குத்தான் அது கட்டுப்படியானது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேர் இந்தத் தக்காளியைப் பயிரிட்டார்கள், 1973இல் எஞ்சியவர்கள் சுமார் 600 பேர். 1970களின் இறுதிக்குள் தக்காளித் தொழிலில் ஏறத்தாழ 32,000 வேலைகள் போயின என்று ஒரு மதிப்பீடு. அமெரிக்க அரசியல் அறிஞர் லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கருவிகளுக்குள் அதிகாரம் எப்படிக் குடியேறுகிறது என்பதற்கு இந்த இயந்திரத்தையே சான்றாகக் காட்டினார்.

1970இல் ஆண்ட்ரூ ஷ்மிட்ஸ், டேவிட் செக்லர் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த இயந்திரத்தின் லாப நட்டக் கணக்கைப் போட்டார்கள். ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணத்தோடு ஒப்பிட்டால் சமூகத்துக்குக் கிடைத்த ஆதாயம் மிகப் பெரியது என்று கண்டார்கள். வேலை இழந்தவர்களுக்கு இழப்பீடு கொடுத்திருந்தாலும் மிச்சம் இருந்திருக்கும் என்றும் காட்டினார்கள். இழப்பீடு கொடுக்கப்படவில்லை. 1979இல் பண்ணைத் தொழிலாளர்கள் சார்பில் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி பெரிய பண்ணைகளுக்கு மட்டும் உதவலாமா என்பது கேள்வி. வழக்கு பத்தாண்டு நீண்டு, மேல்முறையீட்டில் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக முடிந்தது.

நம் வயல்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காவிரிப் படுகையில் நெல் ஒரே சமயத்தில் முற்றி நிற்கும் பயிர், அதனால் அறுவடை இயந்திரம் அங்கே எளிதில் நுழைந்தது. அதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க முடிவதால் சிறு விவசாயியும் பயன்படுத்துகிறார். இயந்திரத்தைப் பாதியாக வெட்ட முடியாது என்ற சிக்கலுக்கு வாடகைச் சந்தை கண்ட தீர்வு அது. மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் கதை மாறுகிறது. மொட்டு விரியும் முன்பே, நாளும் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். ஸ்ட்ராபெரிக்கு இருந்த அதே மடிப்பு அங்கேயும் இருக்கிறது. அறுவடைக் கூலியை நம்பியிருந்த ஒரு பெண்ணுக்கும் பூப்பறிக்கும் ஒரு பெண்ணுக்கும் நூறு நாள் வேலை போன்று கூலியை உயர்த்தக்கூடிய ஒரு திட்டம் ஒரே விளைவைத் தராது. அவர்கள் நிற்கும் கோடுகளின் வளைவு வேறு.

ஆகவே கூலியைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த வேலைக்கு மாற்று எவ்வளவு எளிது? அந்த மாற்றை எளிதாக்கும் ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் போடும் கூலிச் சட்டம், 1964இல் நடந்ததைப் போல, உதவ நினைத்தவர்களுக்கு உதவாமல் போகலாம். இரண்டாவது கேள்விக்கான விடை நம் கையில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய ரகத்துக்கோ அறுவடைக் கருவிக்கோ வரிப்பணம் ஒதுக்கும் நாளிலேயே, அதனால் மிச்சமாகப் போகும் கூலியில் ஒரு பகுதியை வேலை இழப்பவரின் மறுபயிற்சிக்கும் இழப்பீட்டுக்கும் எடுத்துவைக்கலாம். அதற்குப் போதுமான ஆதாயம் இருக்கிறது என்பதை ஷ்மிட்ஸும் செக்லரும் 1970லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தக் கணக்கைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வது நம் உரிமை.